கப்பற் பயணமும் நம்பத்தகுந்த முகவரும்

சந்தையிலே மாம்பழம் வாங்குபவர் அதனை முகர்ந்தும் அழுத்தியும் பார்த்த பின்னரே மடியை அவிழ்க்கின்றார். சேலை வாங்குபவர் அதன் கரையை வெளிச்சத்திற் பிடித்துப் பார்க்கின்றார். ஆனால் உல்லாசக் கப்பற் பயணம் ஒன்றை வாங்குபவரோ கப்பலைக் காண்பதில்லை, தாம் துயிலப்போகும் அறையைக் காண்பதில்லை, மாலுமிகளையும் காண்பதில்லை. அவர் காண்பது வண்ணப் படங்கள் நிறைந்த ஒரு விளம்பரப் புத்தகமும், மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் ஒரு முகவருமே. பெரும்பாலான கப்பற் கம்பனிகள் முற்பணத்தை முன்பதிவின்போதே பெற்றுக்கொள்கின்றன. மிகுதித் தொகை முழுவதையும் பயணம் தொடங்குவதற்கு ஏறக்குறைய 3 மாதங்களுக்கு முன்னரே கேட்கின்றன. ஆகவே ஒரு குடும்பம் பல ஆண்டுகளாகச் சேமித்த பணம், கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்படுவதற்கு வெகுகாலம் முன்பே பிறர் கையிற் போய்ச் சேர்ந்துவிடுகின்றது. அந்தக் கை எத்தகையது என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

1950களிலும் 1960களிலும் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்துபோன பெரிய பயணிக் கப்பல்களை முதியோர் பலர் இன்றும் நினைவுகூருவர். சுவெஸ் கால்வாய் வழியாக இங்கிலாந்துக்குப் படிக்கச் சென்றவர்களும், உத்தியோகம் தேடிச் சென்றவர்களும் அக்கப்பல்களிலேதான் சென்றனர். அவர்கள் வாங்கியது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் செல்லும் உரிமையை. உல்லாசக் கப்பற் பயணம் அவ்வாறானதன்று. அதிலே கப்பலே வாகனம், கப்பலே விடுதி, கப்பலே உணவுச்சாலை. பெரும்பாலும் புறப்பட்ட துறைமுகத்துக்கே பயணி திரும்பி வந்து சேர்கின்றார். சென்று சேரும் இடம் என்று ஒன்று இல்லாத இந்தப் பயணத்தில், வாங்கப்படுவது முழுவதும் வாக்குறுதிகளே.

இவ்வகைப் பயணம் எவ்வாறு தோன்றிற்று என்பதை அறிந்தால், அதை விற்பவரின் நிலையும் ஓரளவு விளங்கும். ஜெர்மனியின் ஹம்பர்க் அமெரிக்கக் கப்பற் கம்பனியில் அல்பர்ட் பாலின் என்பவர் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து நியூயோர்க் செல்லும் பெரிய கப்பல்கள், மாரிகாலத்திற் பயணிகள் இன்றி வெறுமனே கிடப்பதை அவர் கண்டார். கட்டிக் கிடக்கும் கப்பலும் செலவு வைக்கும் அன்றோ? 1891 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் 'அவுகுஸ்தா விக்ரோறியா' என்னும் கப்பலை மத்தியதரைக் கடலுக்குத் திருப்பி, 241 பேரை ஏற்றிக்கொண்டு சுற்றிவரச் செய்தார். தாமும் அவர்களுள் ஒருவராகச் சென்றார். வெறுமையான இடத்தை நிரப்ப வேண்டும் என்ற வணிகத் தேவையிலிருந்து பிறந்த பயணம் இது. இன்றும் புறப்படும் நாள் நெருங்க நெருங்கச் சில கப்பல்களில் அறைகள் மலிந்துவிடுவதற்கும், வேறு சில கப்பல்களில் விலை ஏறிவிடுவதற்கும் காரணம் இதுவே. நிரம்பாத அறையினால் கப்பற்காரருக்கு ஒரு சதமும் வருவதில்லை.

இதற்கும் 24 ஆண்டுகள் முந்திய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1867 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'குவேக்கர் சிற்றி' என்னும் நீராவிக் கப்பல் நியூயோர்க்கிலிருந்து ஐரோப்பாவுக்கும் பலஸ்தீனத்துக்கும் உல்லாசப் பயணம் புறப்பட்டது. கட்டணம் 1,250 டொலர். கண்டவர் எல்லாரும் ஏற முடியாது. விண்ணப்பங்களை ஒரு குழு ஆராய்ந்து தக்கவரையே தெரியும் என்றும் அறிவிக்கப்பட்டது. அக்காலத்திற் புகழ்பெற்ற சமயப் பிரசங்கியாகிய ஹென்றி வார்ட் பீச்சரும், உள்நாட்டுப் போரிலே பெயர்பெற்ற தளபதி ஷேர்மனும் உடன் வருவார்கள் என்ற செய்தி பலரை ஈர்த்தது. கப்பல் புறப்பட்டபோது அவ்விருவரும் அதில் இலர். எதிர்பார்த்த 150 பேரிற் பாதிக்கும் குறைவானோரே ஏறியிருந்தனர். ஏறியவர்களுள் மார்க் ருவெய்ன் என்னும் எழுத்தாளரும் ஒருவர். அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நகைச்சுவை நூலே அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்தது. விளம்பரத்திலே காட்டப்படுவது வேறு, ஒப்பந்தத்திலே எழுதப்படுவது வேறு என்பதற்கு இதைவிடப் பழைய எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. இந்நாளிலும் புத்தகத்தில் அச்சிட்ட துறைமுகத்துக்குக் கப்பல் கட்டாயம் செல்லும் என்று எந்தக் கம்பனியும் எழுத்தில் உறுதி கூறுவதில்லை. காற்று, கடல், போர், நோய் ஆகியவற்றைக் காரணங்காட்டி வழியை மாற்றும் உரிமையை அது தன்னிடமே வைத்துக்கொள்கின்றது.

புகழுரைகளையும் அளந்தே நம்ப வேண்டும். 1844 ஆம் ஆண்டில் பெனின்சுலர் அன்ட் ஓரியன்டல் கம்பனி, ஆங்கில எழுத்தாளர் தாக்கரேயைக் கட்டணமின்றித் தன் கப்பல்களில் ஏற்றிக் கெய்ரோ வரை அனுப்பிற்று. அவர் எழுதிய பயண நூல் 1846 இல் வெளிவந்தது. அவர் தமக்குக் கிடைத்த சலுகையை மறைக்கவில்லை. அது அவருடைய நேர்மை. இக்காலத்திற் கைத்தொலைபேசியிற் படம் பிடித்துக் கப்பலைப் போற்றுவோர் அனைவரிடமும் அந்நேர்மையை எதிர்பார்க்க முடியாது. ஒருவர் தம் சொந்தப் பணத்திற் சென்றாரா என்று கேட்பது தவறாகாது. முகவரிடமும் அதே வினாவைக் கேட்கலாம். ஆனால் அங்கே விடையை வேறு வகையிற் கொள்ளல் வேண்டும். கப்பற் கம்பனிகள் முகவர்களைக் குறைந்த கட்டணத்தில் அழைத்துச் சென்று காட்டுவது வழக்கம். அவ்வாறு சென்று பார்த்த முகவர், பாராத முகவரிலும் மேலானவரே.

சென்று பார்த்தல் என்பது இத்தொழிலின் தொடக்கத்திலேயே இருந்த பண்பு. தோமஸ் குக் என்பவர் 1841 ஆம் ஆண்டு ஜூலை 5 ஆந் தேதி, மதுவிலக்குக் கூட்டமொன்றுக்காக ஏறக்குறைய 500 பேரை லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோ நகருக்குத் தனிப் புகைவண்டியில் அழைத்துச் சென்றார். கட்டணம் ஆளுக்கு ஒரு சிலிங். நான்கு ஆண்டுகளின் பின் லிவர்பூலுக்கு ஆதாய நோக்குடன் முதற் பயணத்தை ஒழுங்குசெய்தபோது, தாமே முன்னதாக அவ்வழியே சென்று, தங்குமிடங்களைப் பார்த்து, கைந்நூல் ஒன்றும் அச்சிட்டார். அவர் தொடங்கிய நிறுவனம் உலகெங்கும் கிளைபரப்பிப் பயணத் தொழிலுக்கே மறுபெயராயிற்று. அந்நிறுவனம் 2019 ஆம் ஆண்டு செப்டெம்பர் 23 ஆந் தேதி கடன்பாரம் தாங்காது மூடப்பட்டது. அன்று காலையில் பிரித்தானியர் மாத்திரம் ஏறக்குறைய 1,50,000 பேர் வெளிநாடுகளில் இருந்தனர்.

178 ஆண்டு கால நற்பெயர் ஒரு பயணியையும் வீடு கொண்டுவந்து சேர்க்கவில்லை. அவர்களை வீடு சேர்த்தது பிரித்தானிய விமானப் போக்குவரத்து அதிகாரசபை நடத்திய மீட்பு நடவடிக்கை. நற்பெயர் வேறு, பணத்துக்குப் பாதுகாப்பு வேறு. முகவர் நல்லவரா என்று ஊரிலே விசாரிப்போர் பலர். அவர் கடைமூடினால் பணத்துக்குப் பொறுப்பாளி யார் என்று விசாரிப்போர் மிகச் சிலர்.

பிரித்தானியர் இப்பாடத்தை முன்னரே ஒரு முறை கற்றிருந்தனர். 1974 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தின் நடுவில், கோர்ட் லைன் என்னும் பெரிய கம்பனி வீழ்ந்தபோது, விடுமுறைக்குச் சென்ற பல்லாயிரம் பேர் வெளிநாடுகளிற் சிக்கினர். இன்னும் புறப்படாத எத்தனையோ பேர் கட்டிய பணத்தை இழந்து தவித்தனர். அதன் விளைவாக 1975 இல் சேமநிதி ஒன்று சட்டத்தால் ஏற்படுத்தப்பட்டது. 1992 ஆம் ஆண்டு முதல், தொகுத்து விற்கப்படும் பயணங்களுக்கு ஒழுங்குவிதிகள் உள்ளன. 2018 இல் அவை புதுப்பிக்கப்பட்டன. இவ்விதிகளின்படி, பயணத்தைத் தொகுத்து விற்பவர், பயணிகளின் பணத்தை மூன்று வழிகளில் ஒன்றினாற் காத்தல் வேண்டும். வங்கியினதோ காப்புறுதிக் கம்பனியினதோ பிணையை வைக்கலாம், காப்புறுதி எடுக்கலாம், அல்லது, பயணம் முடியும் வரை பணத்தை வேறொரு பொறுப்பாளரின் கணக்கில் ஒதுக்கி வைக்கலாம். போக்குவரத்தும் தங்குமிடமும் ஒன்றாக அமைந்திருப்பதால் கப்பற் பயணமும் இவ்விதிகளுள் அடங்கும்.

இதன் பயன் 2020 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 20 ஆந் தேதி, கொரோனா நோயினாற் கப்பல்கள் யாவும் நின்றிருந்த வேளையில், பிரித்தானியாவிலிருந்து பயணங்களை நடத்திவந்த குரூஸ் அன்ட் மரிரைம் வொயேஜஸ் என்னும் கம்பனி முறிந்தது. பயண முகவர் சங்கத்தில் வைக்கப்பட்டிருந்த பிணையினால் முன்பதிவாளர்கள் தம் பணத்தைத் திரும்பப் பெற வழி இருந்தது. 1950 ஆம் ஆண்டிலே தோன்றிய அச்சங்கத்தின் உறுப்பினர் இலக்கத்தைக் கடையின் கண்ணாடியில் எழுதி வைத்திருப்பது வெறும் அலங்காரமன்று. ஆயினும் இலக்கத்தை யாரும் எழுதலாம். அதனைச் சங்கத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தவருக்கே அதன் பொருள் விளங்கும்.

அமெரிக்காவில் நிலைமை சற்று வேறு. 1965 ஆம் ஆண்டு நவம்பரில் 'யார்மத் காசில்' என்னும் கப்பல் மியாமியிலிருந்து பகாமாத் தீவுகளுக்குச் செல்லும் வழியில் தீப்பற்றி மூழ்கிற்று. 90 பேர் மாண்டனர். மறு ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், 50 படுக்கைகளோ அதற்கு மேலோ கொண்ட கப்பல்கள் அமெரிக்கத் துறைமுகங்களிற் பயணிகளை ஏற்றுவதாயின், விபத்துக்கு ஈடுசெய்யவும் பயணம் நடைபெறாவிடின் பணத்தைத் திருப்பித் தரவும் தமக்கு வசதி உண்டென்று கூட்டாட்சிக் கடல்வாணிப ஆணைக்குழுவுக்குக் காட்ட வேண்டும் என விதித்தது. எனினும் இப்பாதுகாப்புக்கு ஓர் எல்லை உண்டு. அது கப்பற் கம்பனியின் வாக்குத் தவறுக்கே உரியது. பணம் கம்பனியைச் சென்றடையாமல் நடுவிலிருந்த முகவரின் பெட்டியிலேயே தங்கிவிட்டால், அச்சட்டம் பயணியின் துணைக்கு வாராது. கலிபோர்ணியா போன்ற சில மாநிலங்கள் இக்குறையை நோக்கி, பயணம் விற்போர் யாவரும் பதிவுசெய்து, அப்பதிவிலக்கத்தை விளம்பரங்களில் அச்சிட வேண்டும் எனத் தனிச் சட்டம் வகுத்துள்ளன.

கப்பற் கம்பனி தள்ளாடுவது எப்படி இருக்கும் என்பதை 2022 ஆம் ஆண்டு சனவரியில் 'கிறிஸ்ரல் சிம்பனி' என்னும் ஆடம்பரக் கப்பலில் இருந்தோர் கண்கூடாகக் கண்டனர். எரிபொருள் விற்றவர்களுக்குக் கடன் பாக்கி இருந்தமையால், கப்பலைக் கைப்பற்றும்படி அமெரிக்க நீதிமன்றம் ஒன்று ஆணை பிறப்பித்தது. மியாமியில் நின்றால் அகப்படும் என்பதால், கப்பல் பகாமாவிலுள்ள பிமினித் தீவுக்குத் திரும்பிற்று. பயணிகள் படகேற்றப்பட்டுப் புளோரிடாக் கரை சேர்ந்தனர். கப்பலுக்கும் கடன்காரர் உளர். அவர்கள் அதனைத் துறைமுகத்திலே பிடித்து வைக்கவும் கூடும் என்பது பயணிகள் பலர் எண்ணிப்பாராத விடயம்.

இனி, முகவர் யாருடைய ஆள் என்பதைப் பார்ப்போம். பயணி அவரைத் தம் ஆலோசகராக எண்ணுகின்றார். ஆனால் அவருக்குக் கூலி கொடுப்பது பெரும்பாலும் கப்பற் கம்பனியே. கட்டணத்தில் நூற்றுக்குப் பத்தோ அதற்குச் சிறிது மேலோ தரகாகக் கிடைக்கும். ஒரு கம்பனிக்கு அதிகமாக விற்றுக் கொடுப்பவருக்கு வீதம் உயரும். துறைமுக வரிகளுக்கும் கட்டணத்தின் வேறு சில பகுதிகளுக்கும் தரகு இல்லை. விமானக் கம்பனிகள் அமெரிக்காவில் முகவர் தரகை 1995 முதற் குறைத்து, 2002 அளவில் ஏறக்குறைய முற்றாகவே நிறுத்திவிட்ட பின்னர், முகவர் பலருடைய பிழைப்பு கப்பற் பயணங்களையே பெரிதும் சார்ந்து நிற்கின்றது. இதிற் குற்றம் ஒன்றும் இல்லை. வைத்தியரும் மருந்துக் கடையும் ஒன்றாயிருக்கும் ஊரில் மருந்து வாங்குபவர் காட்டும் விழிப்பே இங்கும் வேண்டுவது.

நல்ல முகவரை இனங்காண்பதற்கு, அவர் சொல்லும் விலையைவிட அவர் கேட்கும் கேள்விகள் உதவும். யார் யார் செல்கின்றனர், அவர்களின் வயது என்ன, ஏறி இறங்கக் கால்வலி உள்ளவர் உண்டா, கடலிலே முன்பு சென்றதுண்டா, மரக்கறி உணவு மட்டுமா, இரவிற் சத்தம் பொறுப்பரா என்றெல்லாம் முதலில் அவர் வினவ வேண்டும். வந்து அமர்ந்த மறுகணமே ஒரு கப்பலின் பெயரைச் சொல்லி, இன்று மாலைக்குள் பணம் கட்டாவிடின் இடம் போய்விடும் என்பவர், பயணியை எண்ணிப் பேசவில்லை. அம்மாதத் தரகை எண்ணிப் பேசுகின்றார்.

அறையைத் தெரிவதில் முகவரின் அறிவு நன்கு வெளிப்படும். ஒரே விலைக்கு விற்கப்படும் இரண்டு அறைகளில் ஒன்று நிம்மதியும் மற்றையது நரகமும் ஆகலாம். நீச்சற் குளமும் உணவுத் திடலும் அமைந்த தளத்துக்கு நேர் கீழேயுள்ள அறையில் இருப்பவர், விடியற்காலையில் நாற்காலிகள் இழுபடும் ஓசையிலேயே கண்விழிப்பார். நடனசாலைக்கு மேலுள்ள அறையில் நள்ளிரவு வரை உறக்கம் வாராது. கடற்காட்சி உள்ள அறை என்று விற்கப்பட்டதன் யன்னலை மறைத்துக்கொண்டு உயிர்காப்புப் படகு தொங்குவதும் உண்டு. கடல்நோய்க்கு அஞ்சுபவருக்குக் கப்பலின் நடுப்பகுதியிலே கீழ்த்தளத்து அறைதான் ஏற்றது. உயரமான தளத்தின் முன்கோடியில் ஆட்டம் மிகுதி. கப்பலின் தளப்படத்தை விரித்து வைத்து இவற்றைச் சுட்டிக்காட்டும் முகவர், தரகுக்கு மேலாகவே உழைத்தவராவார். எந்த அறை என்று குறிப்பிடாமல், வகையை மட்டும் உறுதிசெய்து மலிவாக விற்கும் முறையும் ஒன்றுண்டு. அது தவறானதன்று. ஆனால் அதனை வாங்குபவருக்கு அறை இலக்கத்தைப் பற்றிப் பின்னர் முறையிட இடமில்லை என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

விலையிலும் ஒளிந்திருக்கும் செலவுகள் பல. விளம்பர விலை, ஓர் அறையில் இருவர் தங்குவதாகக் கொண்டு ஆளுக்குச் சொல்லப்படுவது. தனியே செல்பவரிடம் சில வேளைகளில் இரட்டைக் கட்டணமே பெறப்படும். பணியாளருக்கான அன்பளிப்பு, பல கப்பல்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு டொலர் எனத் தானாகவே கணக்கில் ஏறும். குடிவகை, இணையத்தொடர்பு, கரையிறங்கிச் சுற்றிப் பார்த்தல், வைத்தியரின் சேவை ஆகிய யாவும் புறம்பானவை. முகவர் தமக்கெனத் தனியாக ஒரு கட்டணமும், பயணத்தை நிறுத்தினால் கப்பற் கம்பனி கழிப்பதற்கு மேலாக ஒரு தொகையும் அறவிடுவாராயின், அதுவும் எழுத்தில் இருத்தல் வேண்டும்.

பணம் செல்லும் வழியைப் பின்தொடர்தல் இவை எல்லாவற்றிலும் முக்கியமானது. கடன் அட்டை மூலம் செலுத்துபவர், மாத முடிவில் வரும் வங்கிக் கணக்கறிக்கையில் யார் பெயர் இருக்கின்றது என்று பார்க்க வேண்டும். கப்பற் கம்பனியின் பெயர் இருந்தால் பணம் நேரே அங்கு சென்றுவிட்டது. முகவரின் பெயர் இருந்தால், அவர் அதனை எப்போது கம்பனிக்குச் செலுத்துவார், பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்கும் உரிமை உண்டு. பிரித்தானியாவில் 1974 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, 100 பவுணுக்கு மேற்பட்ட பொருளையோ சேவையையோ கடன் அட்டையில் வாங்கினால், விற்றவர் தவறும்போது அட்டை வழங்கிய வங்கியும் கூட்டுப் பொறுப்பாகும். அங்குங்கூட, பணம் இடைநின்ற முகவருக்குச் சென்றிருந்தால் அந்தப் பொறுப்புச் சங்கிலி அறுந்துவிடக்கூடும் என்பதாற் பலர் ஏமாந்திருக்கின்றனர். கைக்காசாகவே தர வேண்டும், அல்லது தனிப்பட்ட ஒருவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்ப வேண்டும் என்று வற்புறுத்தும் முகவரிடமிருந்து விடைபெற்றுக்கொள்வதே நன்று.

முற்பணம் கட்டிய சில நாட்களில், கப்பற் கம்பனி வழங்கும் முன்பதிவு இலக்கத்தை முகவரிடமிருந்து பெற்று, கம்பனியோடு நேரே தொடர்புகொண்டு விசாரித்தல் மிக எளிய சோதனை. பெயர்கள் கடவுச்சீட்டில் உள்ளபடியே பதிவாகியுள்ளனவா, அறை எது, எவ்வளவு பணம் வந்து சேர்ந்துள்ளது என்னும் மூன்றையும் கேட்டால் போதும். நேர்மையான முகவர் இதற்கு முகஞ்சுளிப்பதில்லை. கம்பனியோடு பேச வேண்டாம், பேசினால் விலைக்கழிவு போய்விடும் என்று தடுப்பவரிடம் ஏதோ ஒன்று மறைந்திருக்கின்றது. இறுதித் தவணை கட்டிய பின் இதே சோதனையை இன்னொரு முறை செய்தல் வேண்டும். ஏனெனில் முற்பணத்தை ஒழுங்காகச் செலுத்திவிட்டு இறுதித் தவணையைத் தம் கடனுக்குத் திருப்பிக்கொண்ட முகவர்களும் உளர்.

கப்பல் உண்மையிலே இருக்கின்றதா என்று கேட்பது வேடிக்கையாகத் தோன்றலாம். 2023 ஆம் ஆண்டில், மூன்று ஆண்டுகள் உலகைச் சுற்றும் பயணம் ஒன்று விளம்பரம் செய்யப்பட்டது. கட்டணம் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 30,000 டொலரிலிருந்து தொடங்கிற்று. நவம்பர் முதலாந் தேதி இஸ்தான்புல் நகரிலிருந்து புறப்படும் என்றனர். பின்னர் நாள் தள்ளிப்போயிற்று, மீண்டும் தள்ளிப்போயிற்று. அந்நேரத்தில், அப்பயணத்துக்கென விலைபேசப்பட்டிருந்த கப்பலை வேறொரு கம்பனி வாங்கிவிட்டது. விற்கப்பட்ட பயணத்துக்குக் கப்பலே இல்லை! வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ புறப்பட்டவர்களும், முன்னரே இஸ்தான்புல் வந்து காத்திருந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். பணத்தைத் தவணையாகத் திருப்பித் தருவதாகக் கம்பனி அறிவித்தது. கப்பலின் பெயர் என்ன, அதன் சொந்தக்காரர் யார், இப்போது அது எந்தக் கடலில் ஓடுகின்றது என்னும் வினாக்களுக்கு அன்றே விடை தேடியிருந்தால், ஐயம் பிறந்திருக்கும்.

இனி, நுண்ணிய எழுத்தில் அச்சிடப்படும் நிபந்தனைகள். அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள வாஷிங்டன் மாநிலத்திலே, ஒரு தம்பதியர் தம் ஊர் முகவரிடம் பணங்கட்டி, லொஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்திலிருந்து மெக்சிக்கோவுக்குக் கப்பலேறினர். கடலில் மனைவி ஒரு விரிப்பில் வழுக்கி விழுந்து காயமடைந்தார். தம் மாநிலத்தில் வழக்குத் தொடுத்தபோது, பயணச்சீட்டில் ஒரு வாசகம் இருப்பதைக் கம்பனி காட்டிற்று. எவ்வழக்காயினும் புளோரிடா மாநில நீதிமன்றத்திலேயே தொடுக்க வேண்டும் என்பது அது. பணம் கட்டிய பின்னரே அச்சீட்டு அவர்கள் கைக்கு வந்தது. 1991 இல் அமெரிக்க அதியுயர் நீதிமன்றம், ஏழு நீதிபதிகள் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, அவ்வாசகம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. நாட்டின் ஒரு கோடியில் வசிப்பவர் மறுகோடிக்குச் சென்று வழக்காட வேண்டியதாயிற்று. அங்கு காயத்துக்கு ஈடு கோருவதாயின் 6 மாதத்துள் அறிவித்தலும் ஓராண்டுக்குள் வழக்கும் வேண்டும் என்று சீட்டில் விதிக்கவும் கப்பற் கம்பனிக்குச் சட்டம் இடமளிக்கின்றது. ஆகவே நிபந்தனைப் பிரதியைப் பணங்கட்டுமுன் தரும்படி கேட்டு, நிதானமாகப் படித்தல் வேண்டும். முகவர் அதனைத் தாமே படித்திருக்கின்றாரா என்று ஒரு கேள்வி போட்டுப் பார்ப்பதும் சுவையான சோதனைதான்.

தொலைபேசியில் வரும் இலவசப் பயணங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2011 இல் தொடங்கிப் பல மாதங்களாக, அமெரிக்காவில் நாளொன்றுக்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட அழைப்புகள் இயந்திரத்தினால் விடுக்கப்பட்டன. அரசியற் கருத்துக் கணிப்பு என்று தொடங்கி, பகாமாவுக்கு இலவசக் கப்பற் பயணம் கிடைத்திருப்பதாகவும், துறைமுக வரி 59 டொலர் மட்டும் கட்டினாற் போதும் என்றும் கூறின. அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாக வேறு செலவுகள் வந்தன. அரசாங்கம் வழக்குத் தொடுத்து 2015 இல் அதற்கு முடிவு கண்டது.

காப்புறுதி பற்றி ஒரு செய்தி. வைத்தியச் செலவுக்கும், நடுக்கடலிலிருந்து நோயாளியை ஹெலிகொப்டரில் ஏற்றிச் செல்வதற்கும் பெருந்தொகை வேண்டும். கப்பலில் உள்ள வைத்தியர் அந்தந்த நாட்டு அரசாங்க வைத்தியசாலைபோல் இலவசமாகப் பார்ப்பதில்லை. காப்புறுதியை முகவர் விற்கும் பத்திரமாகவே வாங்கிக்கொள்ளாமல், வேறொரு காப்புறுதிக் கம்பனியிடம் நேரே பெறுதல் நலம். பல பத்திரங்களில், அப்பத்திரத்தை விற்ற பயண நிறுவனமே முறிந்தால் ஈடு இல்லை என்ற விலக்கு இருக்கின்றது.

இலங்கையில் வசிப்போருக்கும் இவை தொலைதூரச் செய்திகளல்ல. 2023 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் வந்து, காங்கேசன்துறையையும் தொட்டது. சிங்கப்பூரிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் பிள்ளைகள் பெற்றோரைக் கப்பலேற்றி மகிழ்வதும் பெருகி வருகின்றது. அப்படியான வேளைகளில் விசாவைப் பற்றிய அறிவே முகவரின் தகுதியை உரைத்துப் பார்க்கும் கல். இலங்கைக் கடவுச்சீட்டு உடைய ஒருவர் பார்சிலோனாவிலோ ஏதென்ஸிலோ கப்பலேறி, துருக்கியின் குசாதசித் துறைமுகத்தில் இறங்கி, மறுநாள் கிரேக்கத் தீவொன்றுக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். துருக்கி, செங்கன் உடன்படிக்கை நாடுகளுள் ஒன்றன்று. ஒரு முறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவோடு சென்றவருக்கு, கிரேக்கத் தீவு இரண்டாம் நுழைவாகின்றது. தக்க விசா இல்லாதவரைக் கப்பற் கம்பனி புறப்படும் துறைமுகத்திலேயே ஏற்றாது விடலாம். அதற்குக் கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டிய கடமையும் அதற்கு இல்லை. பல முறை நுழையும் விசாவுக்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பதை, கப்பலின் வழியைப் பார்த்த கணத்திலேயே சொல்லும் முகவர் ஒருவர். விசா என்பது பயணியின் பொறுப்பு என்று சீட்டின் பின்புறத்தைக் காட்டுபவர் இன்னொருவர். இருவரும் வாங்கும் தரகு ஒன்றே.